பார்க்காமல் போட்ட ஊசி

முனிரத்தினம் தன் ஜட்டியைத் தானே துவைக்க ஆரம்பித்தபோதுதான் சின்னத்தாயிக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன். தண்ணீர் டேங்கர் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சட்டையை ஒரு மூலையிலும் பேண்ட்டை ஒரு மூலையிலும் எறிந்துவிட்டு உட்காருகிறவர். அப்படிப்பட்டவர் குளிக்கப் போகும்போதே துணி சோப்பை எடுத்துக்கொண்டு போனார். துவைத்துப் பிழிந்து, மொட்டை மாடியில் அடுத்த வீட்டுப் போர்வைக்குப் பின்னால் காயப்போட்டார். வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பெங்களூரு நீலசந்திராவில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே மகளைப் பெற்றவள் சின்னத்தாயி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐ.டி. பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமையல் வேலை. தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தண்ணீர் திறந்துவிடுகிறவன் ஒரு சந்துக்கு விடாமல் ஏமாற்றினாலும், குப்பை வண்டி ஒரு வாசலை விட்டுவிட்டுப் போனாலும் கேட்கப் போகிறவள் அவள்தான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். ஆனால் டாக்டர் என்றால் மட்டும் அவளுக்குப் பேச்சு வராது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றுவிடுவாள். படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்துக்குக் கொடுத்த விலையைத்தான் இன்றுவரை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் அவர் துவைக்க மறந்த துணி கதவுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். ரத்தக் கறை. சீழ் நாற்றம். அன்று சாயங்காலம் அவர் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அதை அவர் முன்னால் போட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சூடு என்றார். நாள் முழுக்க என்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கிற வேலை, அதனால் வந்த புண் என்றார். டேங்கருக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற சந்தாபுரா பக்கத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு வருஷமாக அங்கே காட்டிக்கொண்டு வருகிறேன், டாக்டர் ஊசி போடுகிறார், போட்டால் கொஞ்ச நாள் எரிச்சல் அடங்குகிறது என்றார்.

ஒரு வருஷம் என்றதும் காட்டச் சொன்னாள். அவர் மறுத்தார். பெண்டாட்டியிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று அவள் அதட்டியதும் டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றார். அவருடைய ஆண்குறியின் முன்தோல் எப்போதுமே பின்னால் போகாது. அது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். சிலருக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். அதுவும் ஒரு குறை, சின்ன வயசிலேயே சரி செய்திருக்க வேண்டும், அதற்குள் அழுக்குத் தங்கித் தங்கி வினையாகும் என்று அவர்களுக்குச் சொன்னவர் யாருமில்லை. இப்போது அந்தத் தோலைத் துளைத்துக்கொண்டு, பூக்கோசு மாதிரி ஒரு சதை வெளியே வந்திருந்தது.

மறுநாளே பி.ஜி.யில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனாள். போர்டில் எழுத்து எழுத்தாக ஏதேதோ பட்டம். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. திரை போட்ட கட்டில் ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் மருந்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னத்தாயி தயங்கித் தயங்கி, சதை வளர்ந்திருக்கிறது என்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு முனிரத்தினத்திடம் திரும்பினார்.

“ஒய்ஃப் முன்னாடியே கேக்கறேன். எங்க போயிட்டு வந்தே? உண்மைய சொன்னாதான் வைத்தியம்.”

முனிரத்தினம் எங்கேயும் போகவில்லை என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று டாக்டர் சிரித்தார். பெண் சகவாசத்தால் வருகிற வியாதி இது, உனக்கும் வந்திருக்கும் என்று அவளிடம் சொல்லி, அவளுக்கும் ஒரு ஊசி எழுதினார். சின்னத்தாயி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஜாக்கெட் கையை மேலே தூக்கி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு சில வாரங்கள் அவள் அவரோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவர் சத்தியம் செய்தார். அழுதார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர் சொன்னதை விட, எழுந்து வந்து ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு மனிதர் சொன்னதுதான் அவளுக்கு அப்போது பெரிதாகப் பட்டது. அந்த வாரங்களிலும் உள்ளே இருந்தது வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

ஒருநாள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மெண்ட்டில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தபோது முனிரத்தினத்துக்கு ரத்தம் கொட்டி பேண்ட் நனைந்தது. டேங்கர் முதலாளி கோவிந்தப்பாவே ஆட்டோ வைத்து நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேதான் முதன்முதலாக ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த உடனேயே சதையில் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. ஆண்குறியின் முன் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

உயிர் தப்பியது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த வார்டில் நடந்ததைச் சின்னத்தாயியால் மறக்க முடியவில்லை. தினமும் காலையில் பெரிய டாக்டர் வருவார். பின்னால் ஒரு கூட்டம் மாணவர்கள். கூட இருப்பவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, யாரோ ஒருவர் வந்து போர்வையைச் சரக்கென்று தூக்குவார். இங்கிலீஷில் பேசுவார்கள். குனிந்து பார்ப்பார்கள். போர்வையைத் திரும்ப மூடக்கூட மறந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். அவள் கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். முனிரத்தினம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அவரை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

மகள் சிந்து சந்தாபுராவில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஓடி வந்து பார்த்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாமியார் வீட்டில் கிட்னி ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல் என்றாள். சின்னத்தாயிக்கு வந்த ஆத்திரத்தில் மகளைக் கன்னத்தில் அறைந்திருப்பாள். கட்டிலிலிருந்து முனிரத்தினம், விடு தாயி, அவ அங்க வாழணும் இல்ல என்றார். அவள் விட்டுவிட்டாள். ஆனால் சொந்தக்காரர்கள் விடவில்லை. அவருடைய தம்பி பார்க்க வந்தவன், எங்கெங்க போனானோ யாருக்குத் தெரியும் என்று படிக்கட்டில் இறங்கும்போதே யாரிடமோ போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தபிறகு, ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது இடது தொடையிடுக்கில் அவள் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு, கெட்டியாக. நெறி கட்டியிருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. திரும்ப அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, புண் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நெறி கட்டத்தான் செய்யும், மாத்திரை சாப்பிடட்டும், சில மாதம் கழித்து வாருங்கள் என்றார். சின்னத்தாயி அடுத்த தடவையும் போனாள். அதே பதில். மூன்றாம் தடவை, இந்த வியாதி எங்கே பரவும் என்று கேட்டாள். கேட்டதே அவளுக்கு ஒரு பெரிய காரியம். அதெல்லாம் உனக்கு எதற்கம்மா, சொன்னதைச் செய் என்று அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து க்ளென் வந்தான். வார்டில் ஆண் நர்ஸாக இருந்தவன், முனிரத்தினத்துக்குத் தினமும் கட்டு மாற்றியவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

“ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இதுக்கு வெயிட் பண்ணக் கூடாது. இந்த கேன்சர் முதல்ல ஏறுறதே அந்த நெறியிலதான். கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. இன்னிக்கே போனாலும் நல்லது.”

இதைத்தானே அவள் உள்ளே கேட்டாள். ஒரு நர்ஸ் பயந்து பயந்து ரகசியமாகச் சொல்ல வேண்டிய விஷயமா இது? பஸ்ஸில் வரும்போது அவளுக்குக் கோபம் பொங்கியது. முதலில் அந்த ஊசி டாக்டர் மேல். பிறகு இந்தப் பெரிய டாக்டர் மேல். கடைசியில், கைகட்டி நின்ற தன் மேலேயே.

கேன்சர் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் வீணா. சின்ன உருவம், நரைத்த தலை, கன்னடம் கலந்த தமிழ். ஒரு பெண் டாக்டர் என்றதும் முனிரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டார். சின்னத்தாயி முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். வீணா அவளைப் பார்த்துப் பேசவில்லை. அவரைப் பார்த்துப் பேசினார். நான் உங்கள் ஆண்குறியையும் இரண்டு தொடையிடுக்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும், பார்க்கலாமா என்று கேட்டார். அதுவரை எல்லாரும் “அந்த இடம்” என்றும் “கீழே” என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி, அனுமதியும் கேட்டதும் முனிரத்தினம் சின்னத்தாயியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நெறியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்ததில் இடது பக்கம் புற்றுநோய் ஏறியிருந்தது தெரிந்தது. ஸ்கேனில் அதற்கு மேலே வயிற்றுப் பக்கம் எதுவும் இல்லை. இரண்டு தொடையிடுக்கிலும் உள்ள நெறிகளை எடுத்துவிட வேண்டும் என்றார் வீணா. எப்படி என்பதைப் பொறுமையாகச் சொன்னார்.

“முன்னாடி எல்லாம் தொடையிடுக்குல நீளமா வெட்டுவோம். அங்க தோல் ரொம்ப மெல்லிசு. தையல் பிரியும், தோல் கருத்துப் போகும், மாசக் கணக்கா கட்டுப் போடணும். அதுக்குப் பயந்தே நெறைய பேரு தள்ளிப் போட்டுடுவாங்க. பேஷண்ட் மட்டும் இல்ல, டாக்டருங்களும்தான். இப்ப தொடையில, கொஞ்சம் கீழ தள்ளி, மூணு சின்ன ஓட்டை. ஒண்ணுல கேமரா. காத்து விட்டுத் தோலுக்கு அடியில இடம் பண்ணிக்கிட்டு, நெறி எல்லாத்தையும் அந்த வழியாவே எடுத்துடுவோம். நெறிக்கு மேல இருக்கற தோல வெட்டறதே இல்ல. புண் சீக்கிரம் ஆறும். ஆனா கால் வீங்கறது இதுலயும் வரலாம். அத மறைக்க மாட்டேன்.”

எல்லாருக்கும் இப்படிச் செய்ய முடியாது என்றும் சொன்னார். நெறி பெரிதாகித் தோலோடு ஒட்டிக்கொண்டாலோ, உடைந்துவிட்டாலோ, பழைய மாதிரி வெட்டித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒட்டவில்லை, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் சின்னத்தாயிக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப அங்க எதுக்கு மாத்திரைய குடுத்து வீட்டுக்கு அனுப்பிச்சாங்க? மூணு வாட்டி போனேன் மேடம். மூணு வாட்டியும் அப்பறம் வா, அப்பறம் வான்னாங்க. அது தப்புதானே? சொல்லுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. டாக்டர டாக்டர் விட்டுக் குடுக்க மாட்டீங்க.”

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அவள் குரல் உயர்ந்தது. வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீணா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆமாம்மா. விட்டுக் குடுக்க மாட்டோம். அது எங்க கெட்ட பழக்கம். அன்னிக்கே ஊசி குத்திப் பாத்திருக்கணும். பாக்காதது தப்புதான்.”

சண்டைக்குத் தயாராக வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபம் மட்டும் போகவில்லை. தப்பு என்று ஒருவர் ஒப்புக்கொண்டதும் அது இன்னும் அதிகமானது போலத்தான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முனிரத்தினம் சம்மதிக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். பாதி போயிற்று, இனிமேல் என்னத்தை எடுக்கப் போகிறார்கள், எடுக்கட்டும், ஆனால் திரும்பவும் அந்த மாதிரி என்னைத் துணி தூக்கிக் காட்சி வைப்பார்கள், அதை என்னால் தாங்க முடியாது, அதற்குச் செத்துப் போகலாம் என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது: கத்தியைக் கண்டு அவருக்குப் பயமில்லை.

“நான் இருக்கேன்,” என்றாள். “உங்கள கேக்காம ஒருத்தன் அந்தப் போர்வையில கை வெக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை வார்டுக்கு உதவி டாக்டர் சுஹாஸ் வந்தார். இளைஞர், வேக வேகமாகப் பேசுகிறவர். பின்னால் மாணவர்கள், பையன்களும் பெண்களுமாக. சுஹாஸ் கட்டிலருகே வந்து ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்துக்கொண்டே போர்வையின் நுனியைப் பிடித்தார். சின்னத்தாயி எழுந்து வந்து கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“அவர கேளுங்க.”

சுஹாஸுக்குப் புரியவில்லை. இது மாணவர்கள் படிக்கிற ஆஸ்பத்திரி, இப்படிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள் என்று விளக்கினார். அவள் நகரவில்லை.

“கத்துக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா அவர கேட்டுட்டு தூக்குங்க. முழிச்சிகினுதானே இருக்காரு? வாய் இருக்குது இல்ல அவருக்கு?”

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுஹாஸின் முகம் சிவந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரத்துக்கு வீணா உள்ளே வந்தார். என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சுஹாஸைக் கடிந்துகொள்ளாமல் நேராக முனிரத்தினத்திடம் போய், இவர்கள் பார்க்கலாமா, வேண்டாம் என்றால் வேண்டாம், அதனால் உங்கள் வைத்தியத்தில் எதுவும் குறையாது என்றார்.

முனிரத்தினம் மாணவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“ரெண்டு பேரு பாக்கட்டும். அவங்க பேர சொல்லிட்டு பாக்கட்டும்.”

முன்னால் வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பையன், தன் பெயர் அச்யுத் என்றான். ஒரு பெண், ஸ்னேஹா என்றாள். திரையை இழுத்துவிட்டார்கள். சின்னத்தாயி உள்ளேயே நின்றாள். முனிரத்தினம் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு தொடையிடுக்கைத் தொட்டுப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நல்லா பாத்துக்கம்மா. எனக்கு வைத்தியம் பண்ண டாக்டரு ஒரு வருஷமா பாக்கவே இல்ல.”

ஸ்னேஹா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சாரி சார் என்றாள். யாரோ செய்ததற்கு அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டது சின்னத்தாயிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கேட்க வேண்டியவன் சந்தாபுராவில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் முடிந்து அவரை வெளியே கொண்டுவரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சிந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று சிந்து சொன்னாள். என்ன சொன்னார்கள் என்று சின்னத்தாயி கேட்டதற்கு, திட்டல, அவங்க அண்ணனுக்கும் இதே மாதிரி இருந்துச்சாம், வெளிய சொல்லாமலே செத்துட்டாராம் என்றாள்.

தொடையில் மூன்று மூன்று சின்னத் தையல்கள், பக்கத்துக்கு ஒரு குழாய். குழாய் வழியாக மஞ்சள் நீர் வடிந்து டப்பாவில் சேர்ந்தது. பழைய முறையில் ஆபரேஷன் செய்துகொண்டு, தொடையிடுக்கில் தையல் பிரிந்து, நாள்தோறும் கட்டு மாற்றும்போது கத்துகிற ஒருவர் அதே வார்டில் இருந்தார். அவருக்கு நெறி உடைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார்களாம். எந்த ஊரில் எந்தக் கிளினிக்கில் எத்தனை மாதம் என்று சின்னத்தாயி அவர் மனைவியிடம் விசாரித்தாள். ஊர்தான் வேறு. கதை ஒன்றுதான்.

முனிரத்தினத்துக்கு வலது பக்கக் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். இடது பக்கத்தில் நீர் நிற்க நாளானது. தையல் பிரியவில்லை. பரிசோதனை முடிவில் இடது பக்கம் ஒரே ஒரு நெறியில்தான் புற்று இருந்தது, அதுவும் நெறியின் மேலுறையைத் தாண்டி வெளியே வரவில்லை, வலது பக்கம் சுத்தம் என்றார் வீணா. இப்போதைக்கு வேறு ஆபரேஷன் வேண்டாம், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். முனிரத்தினம் கைகூப்பினார். சின்னத்தாயியும் கைகூப்பினாள்.

அடுத்த வார லீவு நாளில் அவள் யாரிடமும் சொல்லாமல் சந்தாபுராவுக்கு பஸ் ஏறினாள். கிளினிக் திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் டிரைவர்கள், கட்டட வேலைக்காரர்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய், செருப்பைக் கழற்றாமலே, பரிசோதனைக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதைப் படித்தார். நிதானமாகத்தான் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட காட்டவே இல்லியேம்மா. காட்டாம நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“நீங்க கேட்டீங்களா?”

அதெல்லாம் நோயாளிகளுக்குக் கூச்சமாக இருக்கும், நாம் கட்டாயப்படுத்த முடியாது என்றார் அவர்.

“அவருக்கு கூச்சம். சரி. உங்களுக்கு இன்னா கூச்சம்? நீங்க டாக்டருதானே? கட்டில் மேல பொட்டிய அடுக்கி வெச்சிருக்கீங்க. ஒருத்தன கூட அதுல படுக்க வெச்சது இல்ல. என் கையில கூட ஊசி போட்டீங்களே, எந்த வியாதிக்கு போட்டீங்க? எம் புருஷன எம் முன்னாடியே தப்பா பேசினீங்களே, எத பாத்து பேசினீங்க?”

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். ஆட்கள் இருப்பது அவளுக்கும் தெரியும். வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்று, தமிழிலும் கன்னடத்திலும் சொன்னாள்: உள்ளே போனால் துணியை விலக்கிக் காட்டுங்கள், எழுந்து வந்து பார்க்காவிட்டால் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எம் புருஷனுக்குப் பாதி போச்சு. பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் எழுந்து, அவளைத் தாண்டி, வேகமாகத் தெருவில் இறங்கிப் போனார். கிளினிக் ஆள் வந்து அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே அனுப்பினான்.

சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்களாம். நோயாளி தன்னைப் பரிசோதிக்க ஒத்துழைக்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். எச்சரித்து விட்டிருக்கிறோம், இனி கவனமாக இருப்பார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நோயாளி ஒத்துழைக்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷம் சொன்ன தேதிக்கெல்லாம் போய்க் கையை நீட்டினவர் ஒத்துழைக்கவில்லையாம். அவள் தம்பி மாதிரி நினைத்திருந்த ஒரு கட்சிக்காரர், போனது போகட்டும் அக்கா, உயிர் இருக்குதே, அத நெனச்சு சந்தோஷப்படு என்றார். உயிர் இருப்பதற்கு அந்தக் கிளினிக்குக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள்.

முனிரத்தினத்தால் இப்போது டேங்கர் ஓட்ட முடிவதில்லை. கிளச்சை மிதித்து மிதித்து இடது கால் மாலைக்குள் வீங்கிவிடுகிறது. தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை போட்டுக்கொள்கிறார். வெயில் நாளில் அது நரகம். கோவிந்தப்பா அவரை போர்வெல் பக்கத்திலேயே, டேங்கர்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் உட்கார வைத்திருக்கிறார். ஒன்றுக்குப் போக உட்கார வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு கதவு வைத்த இடம் வேண்டும் என்று அவர் கேட்டதும் தகரம் அடித்துக் கொடுத்தார். கிரண் என்று ஒரு சக டிரைவர், தனக்கும் புண் என்று மருந்துக்கடைக் களிம்போடு வந்து தயங்கி நின்றபோது, அவனை அன்றைக்கே வண்டியேற்றி வீணாவிடம் அனுப்பினாராம் முனிரத்தினம். அவனுக்கு வெறும் புண்தான். முன்தோலைச் சரி செய்து அனுப்பிவிட்டார்கள்.

முனிரத்தினத்தின் தம்பி இன்னும் வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் சின்னத்தாயி கதவைத் திறப்பாளா என்பது சந்தேகம்.

புகார் முடிந்துபோகவில்லை. அதற்கு மேலே, டாக்டர்களையே விசாரிக்கிற ஓர் இடம் இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம் என்று பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஒரு வக்கீல் பெண் சொல்லி, கொடுத்தாயிற்று. விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் வந்த அன்று சின்னத்தாயி அடுப்படியில் நின்றுகொண்டே, என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நீ கூட வா, போதும்,” என்றார். “அந்த ஆளு மூஞ்ச பாத்து நானே சொல்றேன்.”

சொல்லும்போது “அந்த இடம்” என்று சொல்லக் கூடாது என்றாள் அவள். சொல்ல மாட்டேன் என்றார் அவர்.